வெட்டிய காட்சி திரும்பி வருகிறது

வெண்ணிலா,

நேற்றுக் காலையில் நீ சென்னையிலிருந்து கூப்பிட்டபோது நான் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் போன், காதுக்குப் பக்கத்தில் தவில். நீ சொன்னதில் பாதிதான் கேட்டது. "அப்பா, வேல குடுக்கறேங்கறாங்க. பெரிய டிவி. ஆனா காலேஜையும் படத்தையும் விட்டுட்டு வரச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?" அதற்குள் யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கையை ஆட்டிவிட்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் போன் பேசுகிற வீடியோக்காரனை அடுத்த கல்யாணத்துக்கு எவன் கூப்பிடுவான்? வைத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டிருப்பாய். கோபித்துக்கொள். ஆனால் அது யாருடைய கல்யாணம் என்று தெரிந்தால் கோபம் போய்விடும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று ஸ்டுடியோவைத் திறந்துவைத்து, வாசலைக்கூடக் கூட்டாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பப் போன் போட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். நிருபர் அல்லவா, நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அதில் நாலு கேள்வி கேட்டு, நான் சொல்ல வந்ததையே மறக்கடித்துவிடுவாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. கவரை ஒட்டினாலும் இதில் ரகசியம் இல்லை. உன் மாணவர்களுக்குப் படித்துக் காட்டு, வேண்டுமானால் எதிலாவது போடு. நாம் இருவரும் ஒளித்துப் பேச ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

உன் மாணவர்களில் என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், எதுவானாலும் வருவேன். என் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். வேலை செய்த ஊரில் மேலத்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனவர். பிற்பாடு அதே தெருவில் ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பு சத்தம் கேட்க நடந்து போனேன். "தம்பி, இப்படி வந்து நில்லுங்க, பொண்ணு வருது" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். வேறு வழி? வீடியோக்காரன் மாலையெடுத்துப் போடச் சொல்லாமல் இந்தக் காலத்தில் மாப்பிள்ளை மாலையே போடுவதில்லை. கேமராவுக்கு ஒரு வலு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த வலுவை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குச் செருப்போடு நடந்ததே போதுமாக இருந்தது.

யோசித்தவள் நீ. பாடாலூர்க் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நீ எட்டாம் வகுப்பு. பள்ளி விடுமுறை என்று என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தாய். பழைய கேமராவைக் கொடுத்து, "பந்தியில சாப்பிடறவங்கள எடு, வாயை மட்டும் எடுக்காத" என்று அனுப்பினேன். நீ நேராகக் கொல்லைப்பக்கம் போய், அண்டா கழுவிக்கொண்டிருந்த அக்காவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். கழுவுவதை மட்டுமா, அவர் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு உன்னிடம் ஊர்க்கதை பேசியதையும். அவசரத்தில் நான் அதை வெட்ட மறந்து, கல்யாண வீடியோவின் நடுவில், சம்பந்தி விருந்துக்கும் மறுவீட்டுக்கும் இடையில் அந்த அக்கா அண்டாவோடு வந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தது அவரில்லை. அந்த அக்காதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். "நான் படத்துல இருக்கேனாமே, ஒரு தடவ போட்டுக் காட்டுங்கண்ணே" என்றார். போட்டேன். முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றார். நீ ஸ்டூலில் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தொழில் அங்கேதான் ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன். நீ கேட்டால் வேறு ஏதாவது பெரிய காரணம் சொல்வாய்.

அதன் பிறகு நீ படித்தாய், செய்தியாளர் ஆனாய், பெரம்பலூர்க் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பாடம் எடுக்கப் போனாய், கிடைத்த நேரத்தில் படமும் எடுத்தாய். மூன்று வேலை. ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு பக்கம் மைக், ஒரு பக்கம் மாணவர் விடைத்தாள், நடுவில் நசுங்கிய தயிர்சாத டப்பா. தலை வாரிக்கொள்ள மட்டும் நேரமில்லை. உங்கம்மா சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "மூணு வேல பாக்குறேங்கற, ஒண்ணுலயாச்சும் சம்பளம் ஒழுங்கா வருதா?" சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றில் நிலையாக நில் என்றார்கள். இப்போது சென்னையில் கோட்டுப் போட்டவர் அதையே குளிர்சாதன அறையில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் நடந்ததை ஒரு தடவை நீயே திரும்பிப் பார்க்க வேண்டும். கூடவே இருந்தவள் நீ என்றாலும், நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது வேறு.

ஊர்ப் பெயர் வேண்டாம். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இல்லாத திசை எது? ஒரு சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள், சுற்றுவழி தூரம் என்று அந்த ஊருக்குள் புகுந்து, பள்ளிக்கூட வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. முருங்கை இலையைப் பறித்தால் வெள்ளையாக இருக்கும், உதறிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த வளைவைத் தாண்டும் வரை அம்மாக்கள் வாசலிலேயே நிற்பார்கள். அங்கேதான் ஒரு அக்காவின் கணவர் லாரியில் அடிபட்டு இறந்தார். காலையில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு சைக்கிளில் திரும்பியவர். குடித்துவிட்டு வந்து விழுந்தார் என்று யாரோ சொல்ல, ஒரு பத்திரிகையில் மூன்று வரியில் அப்படியே வந்துவிட்டது. அந்த மூன்று வரியைப் படித்துவிட்டுத்தான் நீ அந்த ஊருக்குப் போனாய். இன்னொரு செய்தி எழுதப் போனவள், அங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்துவிட்டுத் திரும்பி வந்தாய்.

அந்த வகுப்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சத்துணவுக் கூடத்தில் வைத்து, கையில் இருக்கிற போனிலேயே படம் எடுக்கக் கற்றுத் தரப்போகிறேன் என்று நீ சொல்லிவிட்டு வந்திருந்தாய். கேமரா என்றால் அவர்களுக்குக் கல்யாணம்தானே? அடுத்த ஞாயிறு பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வரிசையாக நின்று, மூச்சுக்கூட விடாமல் நேராகப் பார்த்தார்கள். புழுதி பற்றிப் பேசுங்கள் என்றால், "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார் ஒருவர். கல்யாண வீடியோவில் அதைத்தானே சொல்லச் சொல்லி நாங்கள் பழக்கியிருக்கிறோம்! உன் கல்லூரி மாணவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கரும்பலகையில் பெரிதாக எழுதினாய்: பேர், தெரு, கண்ணால் பார்த்தது. "முதல்ல உங்க பேரச் சொல்லுங்க. அப்பறம் உங்க தெரு. அப்பறம் நீங்களே கண்ணால பாத்தது மட்டும். யாரோ சொன்னாங்கங்கறது வேணாம்" என்றாய். வாரா வாரம் அதையே பழக்கினாய். ஒருவர் பேச, இன்னொருவர் எடுக்க, மற்றவர்கள், "இது நீ பாத்தியா, கேள்விப்பட்டியா?" என்று மடக்க, அந்தக் கூடத்தில் நடந்த விசாரணைக்கு முன்னால் அரியலூர்க் கோர்ட்டு பிச்சை வாங்க வேண்டும். பட்டுப்புடவை போய் வீட்டுப் புடவை வந்தது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டுகூட வந்து நின்றார்கள்.

அவர்கள் எடுத்தது, உன் மாணவர்கள் எடுத்தது, நீ எடுத்தது எல்லாம் சேர்த்து ஒரு படம் ஆயிற்று. அதன் உயிர் அந்த அக்கா பேசிய காட்சிதான். வளைவில் நின்று, கணவர் விழுந்த இடத்தைக் காலால் காட்டி, அழாமல் பேசினார். நான் எத்தனையோ கல்யாணத்தில் அழுகிற அம்மாக்களை எடுத்தவன். அழாத ஒரு முகம் என்னை இப்படி உலுக்கியதில்லை. என் ஸ்டுடியோவில் நீ அதைப் போட்டுக் காட்டியபோது உங்கம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இந்த ஒரு காட்சி போதும், லாரியை நிறுத்திவிடலாம் என்று நான் குதித்தேன்.

அப்புறம் உன் வழக்கப்படி, வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால், படத்தில் இருப்பவர்களுக்கே முதலில் காட்டினாய். பள்ளிக்கூடச் சுவரில் என் பழைய திரையைக் கட்டினோம். அவர்கள் சொன்ன குறைகளை ஒரு படம் எடுத்தவன் கேட்டால் தொழிலை விட்டுவிடுவான். "எங்க எரும வரவே இல்லையே" என்றார் ஒருவர். "எங்க சின்ன மாமியார் வூட்டக் காட்டல, நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க" என்றார் இன்னொருவர். கல்யாண வீடியோவில் மாமன் முகம் விட்டுப்போனதுபோல அப்படி ஒரு பஞ்சாயத்து. எல்லாவற்றையும் நீ எழுதிக்கொண்டாய், எருமை உட்பட. எல்லாரும் போன பிறகு அந்த அக்கா மட்டும் நின்றார். "கண்ணு, என்னைய எடுத்துடும்மா. பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கு. அவங்க சொந்தத்துல லாரி ஓட்டுறாங்க. நான் இப்படிப் பேசறது தெரிஞ்சா..." என்று நிறுத்திக்கொண்டார். நீ ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரிக்கா" என்றாய். அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "முகத்த மறைச்சிப் போடு, குரல மாத்திப் போடு, மொத்தமா எடுக்கணும்னு என்னா?" என்றேன். "மறைச்சாலும் ஊருக்குத் தெரியும்ப்பா. அவங்க வேணாங்கறது முகத்த இல்ல, பேசனத" என்றாய். படத்தின் நடுவே பெரிய ஓட்டை விழுந்தது. நீ அதோடும் நிற்கவில்லை. ஒரே ஒரு மெமரி கார்டில் அந்தக் காட்சியைப் போட்டு, உன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு, கார்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாய். "இது ஒங்களோடது, நீங்களே வெச்சிக்கங்க" என்று. இந்தப் பெண்ணுக்குப் பிழைக்கத் தெரியாது என்று உங்கம்மாவிடம் சொன்னேன். வேறொன்றையும் சொன்னேன், அதை இங்கே எழுதினால் உன் மாணவர்கள் சிரிப்பார்கள்.

அடுத்து வந்ததுதான் சுரங்கத்தை விரிவாக்குவதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம். அதில் யார் என்ன பேசினாலும் முழுதாக வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்குக் கூப்பிட்டது என்னை! பந்தலில் நடுவே கேமரா முக்காலி போட்டு நான், பத்திரிகைக்காரர் வரிசையில் நீ. முன்வரிசைகளில் கம்பெனி பஸ்ஸில் கூட்டிவந்த ஆட்கள். ஊர்க்காரர்கள் பந்தலின் ஓரத்தில், வெயிலில். படத்தைக் காட்ட அனுமதி கேட்டு ஊர்ப் பெண்கள் முன்பே மனு கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு அதிகாரி, "படமெல்லாம் இங்க போட முடியாதும்மா. பேசறதுன்னா பேசுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படம் ஆடக்கூடாது என்று முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன்னைப் பார்த்தேன். நீ எழுந்து சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாய். செய்தி சேகரிக்க வந்த இடத்தில் நீ பேசக்கூடாது என்று உட்கார்ந்திருந்தாய். அந்த நிமிடம் எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

அப்போது மேடைக்கு முன்னால் ஒரு பெண் வந்து மைக்கைப் பிடித்தார். எருமை வரவில்லை என்று சண்டை போட்டவர். பேரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். "நான் கண்ணால பாத்தது மட்டும் சொல்றேன் சார்" என்று ஆரம்பித்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து லாரி வருகிறது, வளைவில் பிள்ளைகள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று, எங்கும் சுற்றாமல் சொல்லி முடித்தார். அடுத்தவர் வந்தார். பேர், தெரு, கண்ணால் பார்த்தது. அவர் இறங்கியதும் இன்னொருவர். கம்பெனிப் பக்கம் பேசியவர்கள் வளர்ச்சி, வேலைவாய்ப்பு, நாடு என்று எங்கெங்கோ போனார்கள், கேட்பவர்கள் கொட்டாவி விட்டார்கள். இவர்கள் பேசியபோது மேடையில் இருந்த பெரிய அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். யாரோ சொன்னது என்று தட்டிவிட அதில் ஒரு வரி இல்லையே! ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முழுக்க அந்தப் பந்தலுக்குள் நடந்துகொண்டிருந்தது. படத்தைத் தடுத்தவர்களால் பாடத்தைத் தடுக்க முடியவில்லை. நான் ஒரு கண்ணால் கேமராவையும் ஒரு கண்ணால் உன்னையும் பார்த்தேன். நீ குனிந்துகொண்டே எழுதினாய், ஆனால் உன் காது சிவந்திருந்தது. சந்தோஷம் வந்தால் உனக்குக் காது சிவக்கும், சின்ன வயதிலிருந்தே.

கடைசியில் அந்த அக்கா வந்தார். வரப்போகிறார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேரைச் சொன்னார், தெருவைச் சொன்னார்.

"எம் வூட்டுக்காரரு அன்னிக்கு சொசைட்டியில பாலு ஊத்திட்டு வர்றாரு. நான் பள்ளிக்கூட வளைவுல தண்ணி புடிச்சிக்கிட்டு நிக்கறேன். ரெண்டு லாரி ஒண்ணையொண்ணு முந்திக்கிட்டு வருது. அவரு ஒதுங்குனாரு. ஒதுங்கறதுக்கு எடமில்ல. குடிச்சிருந்தாருன்னாங்க. பேப்பர்லயும் போட்டாங்க. நான்தான் சார் தூக்குனேன், எம் மடியிலதான் கெடந்தாரு. பால் வாடதான் வந்துச்சு. வேற எந்த வாடயும் வரல."

ஓரத்தில் நின்ற ஒரு அதிகாரி என்னிடம் வந்து, காதருகில், "வீடியோ, கொஞ்சம் நிறுத்துங்க. இது தனிப்பட்ட வெவகாரம்" என்றார். நான் ஆயிரம் முகூர்த்தத்தில் நின்றவன். தாலி ஏறி முடியும் வரை கேமராவை நிறுத்தச் சொல்ல மாப்பிள்ளையின் அப்பனுக்கும் உரிமையில்லை. "நிறுத்துறேங்க சார். ஆனா நிறுத்துன எடம் அப்படியே வீடியோவுல தெரியுமே, யாரு சொன்னான்னு கேப்பாங்களே, உங்க பேரச் சொல்லிடவா?" என்றேன். அவர் போய்விட்டார். அந்த அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

"இத படத்துல பேசியிருந்தேன். பொண்ணுக்கு வரன் பாக்கறோம், எடுத்துடுன்னேன். மறுபேச்சு பேசாம அந்தப் பொண்ணு எடுத்து எங் கையில குடுத்துடுச்சு. எனக்கு வேணாம்னு நான் சொல்லி ஒருத்தர் கேட்டது இதுதான் மொத தடவ சார். ஊட்டுக்குப் போயி யோசிச்சேன். என் பேச்சு எங் கையிலதான இருக்கு, நானே கொண்டாந்து வெக்கலாம்னு தோணுச்சு. வந்துட்டேன்."

அப்புறம் பஸ்ஸில் வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "நான் அந்தப் பால் சொசைட்டிப் பக்கத்து ஊருதான். அந்தாளு குடிக்கற ஆளு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். வெண்ணிலா, என் வியூஃபைண்டர் மங்கிவிட்டது. லென்ஸில் புழுதி என்று துடைத்தேன், போகவில்லை. புழுதி லென்ஸில் இல்லை.

அன்று வீட்டில் நான் பெரிய மனது பண்ணி, "இந்தா, முழு வீடியோவும் ஒரு காப்பி எடுத்துக்க" என்று நீட்டினேன். "அது ஆபீஸ் வீடியோப்பா, நீ குடுக்கக் கூடாது. மனு போட்டு வாங்கிக்கறேன்" என்றாய். "பெத்த அப்பன்கிட்ட இருக்கறத மனு போட்டு வாங்கற மகள இப்பத்தான் பாக்கறேன்" என்று உங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ உன் குறிப்பை வைத்தே செய்தி எழுதினாய். சொசைட்டியில் பால் அளந்தவரையும், வழியில் அவரோடு பேசிய டீக்கடைக்காரரையும் தேடிப்போய்ப் பேசி, பேரோடு எழுதினாய். இந்த ஊரில் நான் வகுப்பு எடுக்கிறேன், படமும் எடுக்கிறேன் என்று செய்தியின் அடியிலேயே போட்டுவிட்டாய், நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாது என்று. அவர் சாவு பற்றிய வழக்கு இன்னும் நடக்கிறது, அது நடக்கும். ஆனால் மேலிருந்து உத்தரவு வந்து, இன்று அந்த ஊருக்குள் லாரி இல்லை. ஊர் எல்லையில் குறுக்குக் கம்பம் நிற்கிறது, லாரிகள் சுற்றுவழியில்தான் போகின்றன. போன மாதம் அந்த வளைவில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பிள்ளைகள் நடுரோட்டில் கபடிக்குக் கோடு போட்டிருந்தார்கள். என்னைத்தான், "ஓரமாப் போங்க மாமா" என்று விரட்டினார்கள். அந்த விரட்டலுக்கு நான் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொடுப்பேன்.

இப்போது நேற்றைய கல்யாணத்துக்கு வருகிறேன். அது அந்த அக்காவின் மகள் கல்யாணம், நீ சென்னை போன பிறகு அவசரமாக முடிவானது. லாரிக்காரர் வீட்டு வரன் அவர் பயந்தபடியே தட்டிப்போயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை, எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. பிறகு வந்ததுதான் இந்த உடையார்பாளையத்து வரன். மாப்பிள்ளை டிராக்டர் மெக்கானிக். அவருடைய அம்மா அந்தக் கூட்டத்தில் பந்தல் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவராம். "அம்மாக்காரி அப்படிப் பேசுனா, பொண்ணு எப்படி இருக்கும்! எம் பையனுக்கு அந்த வூட்டுப் பொண்ணுதான்" என்று தானே தேடி வந்திருக்கிறார். நேற்று அந்தச் சம்பந்தியம்மாள் என் கேமராவைத் தொட்டுத் தொட்டு, "சம்பந்திய நல்லா எடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மணமகளைவிட மணமகளின் அம்மா அதிகமாக வந்த கல்யாண வீடியோ என் தொழிலில் இது ஒன்றுதான்.

தாலி கட்டி முடிந்ததும் அந்த அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, மஞ்சள் துணியில் மடித்திருந்ததை என் கையில் வைத்தார். நீ கொடுத்த மெமரி கார்டு. "ஒங்க பொண்ணுகிட்ட குடுத்துடுங்கண்ணே. வெட்டுன எடத்துல திரும்ப ஒட்டச் சொல்லுங்க. இனிமே யாரு பாத்தா என்னா?" என்றார். அந்த கார்டைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கவரை உதறிப் பார், மஞ்சள் துணியோடு இருக்கும்.

என்ன பண்ணட்டும் என்று கேட்டாய் அல்லவா? அப்பன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். ஒன்றையும் விடாதே. படம் மட்டும் எடுத்திருந்தால் அன்றைக்குப் பந்தலில் "போட முடியாது" என்று சொன்னதோடு முடிந்திருக்கும். செய்தி மட்டும் எழுதியிருந்தால் அவர்கள் சொன்ன மூன்று வரிக்கு எதிராக நீ முப்பது வரி எழுதியிருப்பாய், அவ்வளவுதான். பாடம் மட்டும் நடத்தியிருந்தால் பேசத் தெரிந்த பெண்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் பேசியது பந்தலோடு போயிருக்கும். எந்த வேலையில் எது முடிகிறது, எது ஆரம்பிக்கிறது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, கோட்டுப் போட்டவருக்கு எப்படித் தெரியும்? மூன்றோடும் என்னை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஊரில் வேலை கிடக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறு. மரியாதையாகச் சொல். ஆனால் சொல். உங்கம்மாவும் இதைத்தான் சொல்கிறாள். சம்பளம் பற்றிய பழைய கேள்வியையும் கூடவே கேட்கச் சொன்னாள்.

நீ வந்ததும் அந்தக் காட்சியை ஒட்டு. முதலில் போட்டுக் காட்டுவது அந்தப் பள்ளிக்கூடச் சுவரில்தான். திரை நான் கட்டுகிறேன், மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டேன். எருமையை இந்தத் தடவை மறந்துவிடாதே.

இன்னும் ஒன்று. உன் வழக்கத்தை நானும் பழகிக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் அந்த அக்கா இருக்கிறாரே, அவருக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் இல்லையா? இதுவரை எழுதியதைப் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். நடுவில் ஒரு தடவை சிரித்தார். வெட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வெட்டச் சொல்லவில்லை, ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். "என்னாண்ணே, ஆரம்பத்துலேர்ந்து அந்த அக்கா, அந்த அக்கான்னே எழுதியிருக்கீங்க? மொதல்ல பேரு, அப்பறம் தெருன்னுதான ஒங்க பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு?"

ஆமாம். எழுதிவிட்டேன், வெண்ணிலா.

அவர் பேர் ராசாத்தி. கீழத்தெரு. அவர் பேசியதை நான் கண்ணால் பார்த்தேன்.

உன் அப்பா